நாற்பத்தொன்றாவது பெயர்

அன்று காலை எங்கள் வீட்டு வாசலில் நின்ற வரிசையில் மூன்றாவது ஆளாக ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள்.

வரிசை எனக்குப் புதிதல்ல. அப்பா சட்டமன்ற உறுப்பினரான நாளிலிருந்து பொழுது விடிந்தால் திருப்பூர் வேலம்பாளையத்தில் எங்கள் காம்பவுண்டுச் சுவரையொட்டி முப்பது நாற்பது பேராவது நிற்பார்கள். நான் பள்ளிக்குப் போக வேண்டுமென்றால் அவர்களைத் தாண்டித்தான் கேட்டுக்குப் போக வேண்டும். யார் முகத்தையும் பார்க்காமல் நடக்கப் பழகியிருந்தேன். ஆனால் என் பள்ளிச் சீருடையிலேயே ஒரு பெண் நின்றால் கண் தானாகப் போகத்தானே செய்யும்?

எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. மடித்துக் கட்டிய இரட்டைச் சடை. ஸ்டெல்லாவை அப்படி நான் பார்த்ததே இல்லை. அவள் தலை முதல் பீரியடு முடிவதற்குள் பறட்டையாகிவிடும். பக்கத்தில் அவள் அம்மா மரியபுஷ்பம். அவர் கையில் செய்தித்தாளில் சுற்றிய புதுத் துண்டு ஒன்றும் இரண்டு எலுமிச்சம்பழமும் இருந்தன.

ஷூவைக்கூட மாட்டாமல் ஓடினேன். “ஏ ஸ்டெல்லா, நீ எங்க இங்க?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அவர் அவள் முதுகில் லேசாகத் தட்டி, “வணக்கம் சொல்லுட்டி” என்றார்.

ஸ்டெல்லா எனக்கு வணக்கம் சொன்னாள். இரண்டு கையையும் கூப்பி, கண்ணைத் தரையில் போட்டு. அதற்கு முந்தைய ஒரு வருடம் முழுக்க என்னைக் கிள்ளியும் குட்டியும் விளையாடிய கைகள் அவை.

அவள் ஏன் வந்திருக்கிறாள் என்பது எங்கள் வீட்டில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அப்பாவுக்குக்கூடத் தெரியாது.

என்ன குறை என்கிறார் ஒரு வாசகர்

என் பிறந்தநாள்களைப் பற்றிப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். முந்நூறு பேர் வந்து சாப்பிட்டுப் போவார்கள், அதில் என் வயதுப் பிள்ளை ஒன்றுகூட இருக்காது என்று. அதைப் படித்துவிட்டு உடுமலைப்பேட்டையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: “எம்.எல்.ஏ. வீட்டில் பிறந்துவிட்டுத் தனிமை கினிமை என்று புலம்புவது கொஞ்சம் அதிகப்படி அம்மா. அந்தப் பிறந்தநாள் சாப்பாடு கிடைக்காத பிள்ளைகளைப் பற்றி எழுதுங்கள்.”

அவர் சொல்வது நியாயம்தான். சாப்பாட்டுக்கோ துணிமணிக்கோ நான் கஷ்டப்பட்டவள் இல்லை. அதை யாரும் எனக்கு நினைவூட்டத் தேவையில்லை. பசியைப் பற்றி எழுதுகிற தகுதி எனக்கு இல்லாததால்தான் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்தது இதுதான். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். பிறகு தொழிலாளர்களுக்காகப் பேசப் போனார். பேச்சு அவரை மேடைக்கு ஏற்றியது, மேடை சட்டசபைக்கு ஏற்றியது. நாங்கள் நல்லூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். எனக்கு ஒன்பது வயதில் வேலம்பாளையத்தில் பெரிய வீட்டுக்கு மாறினோம். பள்ளியும் மாறியது. புதுப் பள்ளிக்கு நான் போவதற்கு முன்னாலேயே என்னைப் பற்றிய சேதி அங்கே போயிருந்தது.

முதல் நாளே என்னை வகுப்புத் தலைவி ஆக்கினார்கள். யாரும் எனக்கு ஓட்டுப் போடவில்லை, நானும் கேட்கவில்லை. பேச்சுப் போட்டியில் பாதியில் மறந்துபோய் முழித்துக்கொண்டு நின்றேன். முதல் பரிசு கொடுத்தார்கள். அம்மாவிடம் சொன்னபோது, ஐம்பது பேருக்கு டீ போட்டுக்கொண்டிருந்த அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், “குடுத்தா வாங்கிக்கோ கண்ணு, நாம கேட்டமா என்ன?” என்றார்.

கண்ணாமூச்சி ஆடும்போது என்னை யாரும் பிடிக்க மாட்டார்கள். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருப்பேன். பாவாடை வெளியே தெரியும். பார்த்தும் பார்க்காத மாதிரி தாண்டிப் போவார்கள். மணி அடிக்கும்வரை அங்கேயே நின்ற நாள் உண்டு.

அடிஸ்கேல்

ஏழாம் வகுப்பில் ஒருநாள் வீட்டுப்பாடம் எழுதாததற்காகச் சகுந்தலா மிஸ் வகுப்பையே வரிசையாக நிறுத்திவிட்டார். மர அடிஸ்கேல். ஆளுக்கு ஓர் அடி, உள்ளங்கையில். நானும் எழுதியிருக்கவில்லை. நானும் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

எனக்கு முன்னால் நின்றவளுக்கு அடி விழுந்தது. அடுத்து மிஸ் என் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நீ நாளைக்கு எழுதிட்டு வந்துரும்மா” என்று சொல்லி, அடுத்து நின்றவள் கையில் ஓங்கி அடித்தார்.

அடுத்து நின்றவள் ஸ்டெல்லா. பள்ளிக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. திசையன்விளைப் பக்கத்திலிருந்து அவள் அம்மாவும் அவளும் திருப்பூருக்குப் பிழைக்க வந்திருந்தார்கள். அம்மாவுக்கு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸில் ஓட்டையோ கறையோ இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குகிற வேலை.

“அவளுக்கு மட்டும் ஏன் மிஸ் இல்ல?” என்று ஸ்டெல்லா கேட்டாள்.

கேட்டதற்காக இன்னொரு அடி வாங்கினாள். இடைவேளையில் நேராக என்னிடம் வந்தாள். என் பெட்டியைத் திறந்து என் ஸ்கேலையே எடுத்தாள். “கைய நீட்டுட்டி” என்றாள். நீட்டினேன். பளீரென்று ஒன்று வைத்தாள். “மிஸ் குடுக்காதத நான் குடுத்துட்டேன். இப்பம் சரியாப் போச்சு.”

அந்தப் பள்ளியில் நான் வாங்கிய முதல் அடி அது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் சிரித்தேன். அவளும் சிரித்தாள். எங்கள் சிநேகிதம் இப்படித்தான் ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு என் டிபன் பாக்ஸ் எனக்குச் சொந்தமாக இல்லை. அவள் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பு எனக்கு. என் இட்லி அவளுக்கு. நான் தப்பாகப் பாடினால் காதைப் பொத்திக்கொள்வாள். ஓட்டப் பந்தயத்தில் என்னை ஜெயிக்க விட மாட்டாள். “ஒங்க அப்பா எம்.எல்.ஏ.ன்னா அவிய ஓடட்டும், நீ எதுக்குட்டி ஆமை மாதிரி வார?” என்பாள். கண்ணாமூச்சியில் முதலில் என்னைத்தான் பிடிப்பாள்.

வீட்டில் அவளைப் பற்றிச் சொல்ல நான் தவியாய்த் தவித்தேன். ஆனால் அப்பாவோடு தனியாக இரண்டு நிமிடம் கிடைத்தால்தானே?

ஒரு மாதம் அவள் பேசவில்லை

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் பார்த்துப் பிரிப்பார்கள். ஏழாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் மூன்று பிரிவுகளிலும் சேர்த்து முதல் நாற்பது பேர் ‘ஏ’ பிரிவு. மற்றவர்கள் ‘பி’யும் ‘சி’யும். ‘ஏ’ பிரிவுக்கு வேறு கட்டடம், வேறு இடைவேளை. அங்கே போனவர்களுக்கு மற்றவர்களோடு பேசக்கூட நேரம் வாய்க்காது.

நான் ‘ஏ’ பிரிவுக்குத்தான் போவேன் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எப்படித் தெரியும் என்று நான் யோசித்ததில்லை.

ஸ்டெல்லா வர மாட்டாள் என்றும் நினைத்தேன். அரையாண்டில் வகுப்பிலேயே இருபத்து மூன்றாவதாக வந்திருந்தாள். அது மட்டும்தான் காரணமா? அவள் அம்மா கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர், அவள் பேச்சைக் கேட்டு மிஸ்களே சிரிக்கிறார்கள், அவள் எங்கே ‘ஏ’ பிரிவுக்கு வரப்போகிறாள் என்ற நினைப்பும் என்னிடம் இருந்தது. கட்டிங் மாஸ்டர் மகளுக்கு இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆண்டுத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்னால் ஸ்டெல்லா என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விடுவாள். சாயங்காலம் கம்பெனிக்குப் போய், பண்டல்களுக்கு நடுவே உட்கார்ந்து அம்மா வேலை முடியும்வரை படிப்பாளாம். கிட்டே போனால், “அங்கிட்டுப் போட்டி, படிக்கணும்” என்பாள்.

நான் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். எல்லோரையும் போல அவளும் என்னை விட்டுப் போகப்போகிறாள் என்று நினைத்தேன். மறுபடி அந்தத் தூணுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். அந்தப் பயத்தில் தேர்வை எப்படி எழுதினேன் என்றே தெரியவில்லை.

கையெழுத்து மட்டும் போட்ட தாள்

இங்கே ஒரு வீட்டு ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும்.

சட்டசபை நடக்கும் நாட்களில் அப்பா சென்னைக்குப் போய்விடுவார். வாசலில் வரிசை மட்டும் குறையாது. பள்ளியில் இடம், ஆஸ்பத்திரியில் படுக்கை, குழாய் இணைப்பு என்று வருகிறவர்களுக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுக்க வேண்டுமே! அதனால் புறப்படும் முன் அப்பா தன் பெயர் அச்சடித்த லெட்டர்பேடில் ஐம்பது அறுபது தாள்களில் அடியில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போவார். மேலே வெற்றிடம். அப்பாவின் உதவியாளர் ராசப்பண்ணன் வருகிறவரின் விவரத்தைக் கேட்டு எழுதி, சீல் குத்திக் கொடுப்பார். நான் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்போது அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார். எனக்கு அந்த வாசகங்கள் எல்லாம் மனப்பாடம்.

தேர்வு முடிந்து விடுமுறை விட்டிருந்தது. ஒரு மத்தியானம் ராசப்பண்ணன் சாப்பிடப் போயிருந்தார். பீரோ திறந்துதான் இருந்தது. ஒரு தாளை எடுத்தேன்.

‘அன்புடையீர், வணக்கம். தங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பயின்ற செல்வி ஸ்டெல்லா எனக்கு நன்கு அறிமுகமானவர். அவரை எட்டாம் வகுப்பு ‘ஏ’ பிரிவில் சேர்த்து உதவுமாறு அன்புடன் பரிந்துரைக்கிறேன்.’

என் கையெழுத்து தெரியக்கூடாதென்று எழுத்துகளைச் சாய்த்துச் சாய்த்து எழுதினேன். சீல் குத்தினேன். அப்பா ஊரில் பாதிப் பேரை ‘நன்கு அறிமுகமானவர்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் பலர் முகத்தை அவர் பார்த்ததுகூட இல்லை. ஸ்டெல்லாவையும்தான் பார்த்ததில்லை. ஆனால் எனக்கு அவள் நன்கு அறிமுகமானவள் என்பதால், நான் பொய் எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை.

உறையில் போட்டு, டிரைவர் கொண்டுபோய்க் கொடுக்கிற மற்ற உறைகளோடு சொருகிவைத்தேன். அவ்வளவுதான் வேலை. இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம்.

வாசலில் நடந்தது

ஆக, ஜூன் மாதத்தில் பள்ளி திறந்த நாலாம் நாள், அந்த வரிசையில் மூன்றாவது ஆளாக ஸ்டெல்லா.

மரியபுஷ்பம் அக்கா துண்டை விரித்து அப்பாவின் தோளில் போட்டார். எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தார். “ஐயா, நீங்க லெட்டர் குடுத்ததால எம் பிள்ளைக்கு ‘ஏ’ செக்சன் கெடச்சிட்டுய்யா. பெரிய மிஸ் என்னையக் கூப்பிட்டுச் சொன்னாவ. நாங்க யாருன்னே தெரியாம செஞ்சிருக்கியளே, ஒங்க குடும்பத்துக்காக நாங்க தெனமும் ஜெபம் பண்ணுதோம்யா.”

அப்பா ராசப்பண்ணனைப் பார்த்தார். ராசப்பண்ணன் அப்பாவைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. கண் மூடித் திறப்பதற்குள் அப்பாவின் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

“அதுக்கென்னுங்க, நம்ம புள்ளைதானுங்க. படிக்கற புள்ளைக்குச் செய்யாம வேற யாருக்குங்க செய்யறது? நல்லாப் படிக்கோணும் கண்ணு, என்ன?”

ஸ்டெல்லா தலையாட்டினாள். மரியபுஷ்பம் அக்கா என் பக்கம் திரும்பி, “பிள்ள, இவ ஒங்கூடத்தான் உக்காருதாளாம். சண்ட கிண்ட போட்டா எங்கிட்டச் சொல்லு, என்ன?” என்றார். பாதி நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். துண்டைச் சுற்றி வந்த செய்தித்தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மகளைக் கூட்டிப் போனார்.

அன்றைக்கு வகுப்பில் ஸ்டெல்லா என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். முதல் பெஞ்சு. நான் ஆசைப்பட்டது அதுதான். ஆனால் அவள் என் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. நான் வேண்டுமென்றே அவள் பென்சிலை ஒளித்து வைத்தேன். வேறு பென்சிலை எடுத்து எழுதினாள். கிள்ளினேன். கையை நகர்த்திக்கொண்டாள். லெட்டர் விஷயம் அதற்குள் பள்ளியெங்கும் பரவி, பின் பெஞ்சுப் பிள்ளைகள் அவளை ‘லெட்டரு’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். “லெட்டரு, சாக்பீஸ் எடுத்துட்டு வா.” போய் எடுத்து வந்தாள்.

போச்சாது, போகட்டும், நாளானால் சரியாகிவிடும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

பச்சை மை

அடுத்த வாரம் தலைமையாசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பள்ளிக்குக் கூடுதலாக ஒரு தண்ணீர் இணைப்பு வேண்டும். அதற்கான விண்ணப்பத்தை அப்பாவிடம் சேர்க்க வேண்டும். என்னை உட்காரச் சொன்னார். ஒரு மாணவியைத் தலைமையாசிரியை உட்காரச் சொல்வது வேறு எந்தப் பள்ளியிலாவது உண்டா என்று எனக்குத் தெரியாது.

“அப்பாகிட்ட இன்னொண்ணும் சொல்லிடு கண்ணு. அந்த ஸ்டெல்லாப் புள்ளைக்கு அப்பா லெட்டர் குடுத்திருந்தாரில்ல? நெசத்தைச் சொன்னா அந்தப் புள்ளை பேரு முன்னாடியே லிஸ்ட்ல வந்திருச்சு. நல்ல மார்க்கு. இருந்தாலும் அப்பா லெட்டருக்காகத்தான் சேத்தோம்னு அவிங்கம்மாகிட்டச் சொல்லிட்டேன். அப்பாவுக்கும் ஒரு நல்ல பேரு பாரு.” மேசைமேல் இருந்த தாளை என் பக்கம் திருப்பியும் காட்டினார்.

தட்டச்சு செய்த நாற்பது பெயர்கள். முப்பத்தொன்றாவதாக ஸ்டெல்லா.

அப்போதுதான் அந்த ஒரு மாதம் எனக்கு விளங்கியது. தண்ணீர்த் தொட்டி, பண்டல்களுக்கு நடுவே படிப்பு, ‘அங்கிட்டுப் போட்டி’. அவள் என்னை விட்டுப் போகவில்லை. என்னோடு வருவதற்காகப் படித்திருக்கிறாள். சொல்லாமல் செய்து ஆச்சரியப்படுத்த நினைத்திருக்கிறாள். வந்தும் சேர்ந்துவிட்டாள். அதற்குள் என் கடிதம் முந்திக்கொண்டு போய் அவள் மதிப்பெண்ணைத் தின்றுவிட்டது.

பிறகு என் பெயரைத் தேடினேன். மேலிருந்து கீழே வந்தேன். நாற்பதிலும் இல்லை. நாற்பதுக்கும் கீழே, தலைமையாசிரியையின் பச்சை மைப் பேனாவால், கையால் எழுதிய ஒரே பெயர். நாற்பத்தொன்று. எழிலரசி.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவர் தாளை மெதுவாகத் திருப்பி வைத்தார். “உனக்கெல்லாம் லெட்டரா வேணும் கண்ணு?” என்று சிரித்தார்.

உடுமலை போகிற வழியில்

அந்த ஞாயிற்றுக்கிழமை உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு அப்பா தலைமை தாங்கப் போனார். என்னையும் கூட்டிப் போனார். காரில் முன்னால் டிரைவரும் ராசப்பண்ணனும். பின்னால் நானும் அப்பாவும். அப்பாவிடம் பேச எனக்குக் கிடைத்த இடம் அதுதான். தென்னந்தோப்பு ஆரம்பித்து, தூரத்தில் காற்றாலைகள் தெரியத் தொடங்கியபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பீரோ, தாள், சீல், முப்பத்தொன்று, நாற்பத்தொன்று, எல்லாம்.

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். சத்தியமாக எதிர்பார்த்தேன்.

அப்பா என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். “ராசப்பா, கேட்டயா? லெட்டரு போட்டது நம்ம அம்மிணியாமா! நானும் நீயும் ஒரு வாரமா மண்டையை ஒடச்சுக்கிட்டிருக்கறோம்.”

“அடுத்த எம்.எல்.ஏ. ரெடிங்கண்ணா” என்றார் ராசப்பண்ணன்.

“மொதல்ல பீரோவைப் பூட்டி வெய்யப்பா” என்று அவரை மட்டும் கடிந்துகொண்டார்.

“அப்பா, ஸ்டெல்லா அம்மாகிட்ட நெசத்தைச் சொல்லுங்கப்பா. அவ மார்க்குலதான் வந்தான்னு. ஸ்கூல்லயும் சொல்லச் சொல்லுங்கப்பா.”

அப்பாவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. என் தலையைத் தடவினார். “அது ஆவாது கண்ணு. துண்டு போட்டு நன்றி சொல்லிட்டுப் போனவிங்ககிட்ட, நான் செய்யலீங்கன்னு இப்பப் போய்ச் சொன்னா அவிங்க மனசு என்ன பாடுபடும்? அடியில என் கையெழுத்து இருக்குது. அதை நானே இல்லைன்னு சொன்னா நாளைக்கு எந்த லெட்டருக்கு மதிப்பு? அந்தப் புள்ளைக்கு என்ன நட்டம் சொல்லு, சீட்டு கெடச்சிருச்சில்ல?”

“என் பேரு பச்சை மையில இருக்குதுப்பா.”

“நான் ஒண்ணும் சொல்லலயே. அவிங்களாப் போட்டிருப்பாங்க” என்றார். அவர் சொன்னது உண்மைதான். எனக்காக அப்பா யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. கேட்கத் தேவையே இருக்கவில்லை. மண்டபத்துக்கு முன்னால் வெடி வெடித்தார்கள். கதவைத் திறந்துகொண்டு அப்பா இறங்கிப் போனார்.

முதல் பெஞ்சு

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஸ்டெல்லாவைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப் போய்ச் சொன்னேன். லெட்டர் எழுதியது நான் என்றதும் அவள் முகம் கறுத்தது. முப்பத்தொன்று என்றதும் என் கையைப் பிடித்தாள்.

“நெசமாவா? முப்பத்தொண்ணா? நீ கண்ணால பாத்தியா?”

“பாத்தேன்.”

“நான் பாஸ் மார்க்குத்தான் எடுத்திருப்பேன், ஒங்க அப்பாதான் ஏத்தி விட்டாவன்னு எங்கம்மையே நெனைக்குதாட்டி. நான் படிச்சத அவ கண்ணால பாத்தவ, அவளே நம்பல.” அழவில்லை. ஆனால் மூக்கு விடைத்தது. “எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? க்ளாஸ்ல சொல்லு. எல்லாருட்டயும் சொல்லு.”

“சொல்றேன்.”

“இன்னைக்கே சொல்லு.”

மத்தியானம் முதல் பீரியடு சகுந்தலா மிஸ். எட்டாம் வகுப்புக்கும் அவர்தான் வந்திருந்தார். நான் எழுந்து நின்றேன். ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னேன். “மிஸ், ஸ்டெல்லா லெட்டர்ல வரல. அவ முப்பத்தொண்ணாவது ரேங்க். மார்க்குலதான் வந்தா. லிஸ்ட்ல நான் பார்த்தேன். நாற்பது பேருக்குள்ள வராதது நான்தான். அந்த லெட்டரை எங்கப்பா எழுதல, நான்தான் திருட்டுத்தனமா எழுதினேன்.”

ஸ்டெல்லா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பள்ளி திறந்த பிறகு அவள் அப்படி உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சகுந்தலா மிஸ் சாக்பீஸை மேசையில் வைத்தார். என் பக்கத்தில் வந்தார். என் தோளில் கை போட்டு, வகுப்பைப் பார்த்துச் சொன்னார்:

“பாத்தீங்களா பிள்ளைகளா? ஒருத்திக்கு உதவி செஞ்சுட்டு, அவளுக்கு அது கொறையாத் தெரியக்கூடாதுன்னு தன்னையே தாழ்த்திப் பேசறா. இவ மார்க்கு எடுக்காதவளா? பெரிய இடத்துப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு பாருங்க. எல்லாரும் கைதட்டுங்க.”

கைதட்டினார்கள்.

“இல்ல மிஸ், நெசமாத்தான்…” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மிஸ்ஸுக்கு உண்மை தெரியாது என்று நான் இன்றைக்கும் நம்பவில்லை. அந்தப் பட்டியலை அவரும் பார்த்திருப்பார். அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் அங்கே வேலை இருக்க வேண்டுமே.

“நீயும் தட்டு ஸ்டெல்லா. உனக்காகத்தானே பேசினா?” என்றார்.

ஸ்டெல்லா இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “மிஸ், நான் கடைசி பெஞ்சுல போயி உக்காந்துக்கிடுதேன்.”

மிஸ் தயங்கினார். என்னைப் பார்த்தார். “நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும்னுதானே போட்டிருக்கோம். அவகிட்டக் கேட்டுக்கோ.”

ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அப்படி எதுவும் இல்லை. வெறுமனே காத்துக்கொண்டிருந்தாள்.

“நான் பின்னால போயி உக்காரட்டா?” என்று கேட்டாள்.

நாற்பது பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகாதே என்று சொன்னால் அவள் இருப்பாள் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னால் அந்தப் பள்ளியில் எதுவும் நடக்கும். வருடம் முழுக்க என் பக்கத்திலேயே, தலையை வாரிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு இருப்பாள்.

“போ” என்றேன்.

என்னிடம் வந்து ஒருவர் கேட்டு நான் செய்து கொடுத்த முதல் காரியம் அதுதான்.